நாற்பத்தைந்தாவது மணி

வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கஸ்பார் முகம் கழுவினான். வாயை நன்றாகக் கொப்பளித்தான். காலையில் தின்ற முட்டைப் புரோட்டாவின் ருசி நாக்கில் இருக்கக் கூடாது. செருப்பு கடித்த விரலை அசைத்துப் பார்த்தான், பரவாயில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் பதினேழாம் இருக்கையில் உட்கார்ந்து நெற்றியில் நினைவுப்பட்டையைக் கட்டிக்கொண்டான். அதன் ஓரத்தில் மஞ்சள் புள்ளி எரிந்தது. மணி அடித்ததும் அது பச்சையாகும். அதன்பின் வகுப்பு முடியும்வரை அவன் தலைக்குள் போகும் எதுவும் அவனுடையதல்ல.

"என்ன ஓ.டி. அண்ணே, இன்னைக்குக் கடைசி வகுப்பு. எங்களுக்குன்னு ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா?" என்று பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்.

"மணி அடிச்ச பெறவு கேளு. பதில் செண்பகவல்லி சொல்லுவா."

"அவ அடிப்பாண்ணே."

"அதான் பதில்."

பெஞ்சு சிரித்தது. கஸ்பார் சிரிக்கவில்லை. முப்பத்துநான்கு வயதில் இருபது வயதுப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு அவர்கள் சத்தம் மின்விசிறிச் சத்தம்போல ஆகிவிட்டிருந்தது.

அவன் வேலையின் பெயர் அரசாணையில் பதிலமர்வாளர். பிள்ளைகள் வாயில் ஓ.டி. அண்ணன். ஓ.டி. என்பது பழைய ஆன் டியூட்டி. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத்துக்காக விளையாடப் போகிறவர்களுக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். வகுப்புக்கு வராமலே வந்ததாக எழுதிக்கொள்வார்கள். பட்டம் கிடைக்கும், பாடம் இருக்காது. முழங்கால் போய் ஆட்டம் முடிந்தபின், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள் நிறையப் பேர். நினைவுப் பெயர்ப்பு வந்ததும் கடிதத்தை ஒழித்தார்கள். வீரர் பயிற்சியில் இருக்கும் மணியில் இன்னொருவர் அவருக்காக வகுப்பில் உட்காருவார். அன்று மாலையே அந்த மணி இவர் தலையிலிருந்து இறங்கி வீரர் தலையில் ஏறும். தூத்துக்குடி துறைமுக ஊர் என்பதால் இறக்குவது, ஏற்றுவது என்றே எல்லோரும் சொன்னார்கள்.

இறக்கிய தலையில் ஒன்றும் மிஞ்சாது. ஆரம்பத்தில் மிச்சம் வைத்துப் பார்த்தார்கள். எங்கோ ஒரு கல்லூரியில் ஒரே ஆளின் மணிகளை இருநூறு தலைகளில் ஏற்றினார்கள். இருநூறு பேரும் தேர்வில் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்தார்கள். இருநூறு பேருக்கும் ஒரே கடைவாய்ப் பல் வலித்தது. அதன்பின் சட்டம் வந்தது: ஒரு வகுப்பு மணி ஒரு தலையில்தான் இருக்கலாம். எவ்வளவோ மாறிவிட்ட பிறகும் எழுபத்தைந்து சதவீத வருகை மட்டும் மாறவில்லை.

கஸ்பார் பதினோரு வருடமாக உட்காருகிறான். கோல்கீப்பர் ஒருவனுக்காக வணிகவியல், நீச்சல்காரி ஒருத்திக்காகத் தாவரவியல், இப்போது மூன்று வருடமாகப் பளுதூக்கும் செண்பகவல்லிக்காக இயற்பியல். எல்லாம் அவன் வழியாகப் போயின. எதிலும் ஒரு வரி அவனுக்குச் சொல்லத் தெரியாது. இரவில் மீன் குளிர்கிடங்கில் வேலை, பகலில் இது. இதே துறையில் அவனும் ஒருகாலத்தில் மாணவன்தான். கிடங்கின் இரவு வேலையால் காலை வகுப்புகள் போய், இரண்டாம் ஆண்டில் அறுபத்தொரு சதவீதத்தில் நிறுத்தினார்கள். திரும்பப் போகவில்லை. உட்கார மட்டும் தெரிந்தால் போதும் என்ற வேலைக்கு அவன் பொருத்தமாக இருந்தான்.

ஒரே ஒரு விதி கடுமையானது. பதிலமர்வாளர் வகுப்பில் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அது கலப்பு மணி. சொந்த யோசனை கலந்த மணியை இன்னொருவர் தலையில் கட்டாயமாக ஏற்ற முடியாது. வீரர் சம்மதித்தால் ஏற்றிக்கொள்ளலாம். தள்ளிவிட்டால் மணி அமர்ந்தவனிடமே தங்கும், வீரருக்கு ஆப்சென்ட் விழும். கஸ்பார் பதினோரு வருடத்தில் ஒரு கலப்பு மணி கொடுத்ததில்லை. கேட்க ஒன்றும் இருந்ததில்லை.

இன்றைய தாள் வெப்ப இயக்கவியல். பருவத்துக்கு அறுபது மணி, அதில் நாற்பத்தைந்து வேண்டும். செண்பகவல்லியிடம் இருந்தது நாற்பத்துநாலு. கஸ்பாரின் நியமன உத்தரவு அலுவலக மேஜையில் கிடந்ததில் ஒன்பது மணி போயிற்று. அவனுக்குக் காய்ச்சல் வந்ததில் இரண்டு. ரயிலில் போன நாட்களைப் பயிற்சி என்று அலுவலகம் ஒப்புக்கொள்ளாததில் நான்கு. இது அறுபதாவது வகுப்பு. ஒரு தாளில் ஒரு மணி குறைந்தாலும் தேர்வு எழுத முடியாது, அணியிலும் பெயர் இருக்காது. அவள் இதே நேரத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில், அகில இந்தியப் போட்டிக்கான அணித் தேர்வில் நின்றுகொண்டிருந்தாள்.

மணி அடித்தது. புள்ளி பச்சையானது. ஜுலைஹா மேடம் உள்ளே வந்தார். காயல்பட்டினத்துக்காரர், இருபத்தொன்பது வயது, வேலையில் சேர்ந்து நான்கு மாதம்.

"இன்னைக்கு ஃபிரிட்ஜ்," என்றார். "முதல்ல ஒண்ணை மறந்துடுங்க. குளிர்னு ஒரு பொருள் கிடையாது. யாரும் குளிரை உள்ள கொண்டுபோய் வைக்கிறதில்ல. உள்ள இருக்கிற சூட்டை எடுத்து வெளிய போடுறோம். அவ்வளவுதான்."

வகுப்பில் சொல்லப்படும் வாக்கியங்கள் கஸ்பாருக்கு நெடுஞ்சாலையில் போகும் வண்டிகள் மாதிரி. பார்ப்பான், போகவிடுவான். இந்த வாக்கியம் நின்றது. கிடங்கில் கதவு ஒரு நிமிடம் அதிகமாகத் திறந்திருந்தால் மேஸ்திரி, "சாத்துல, குளிரு பூரா வெளிய போகுது," என்று கத்துவார். பதினான்கு வருடமாக அவனும் அதையே புதிதாக வருகிறவர்களிடம் கத்தியிருக்கிறான். குளிர் வெளியே போகவில்லையென்றால் போனது எது? ஒன்றும் போகவில்லை. சூடுதான் உள்ளே வந்துகொண்டிருந்தது.

மேடம் பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். உள்ளிருந்து வெளியே ஓர் அம்புக்குறி போட்டார். அந்த அம்பு முடிந்த இடம் கஸ்பாருக்குத் தெரியும். கிடங்கின் பின்புறம், கம்பி வலைக்குப் பின்னால் பெரிய விசிறி சுற்றும், வெந்நீர் ஆவிபோல் காற்று வரும். வேலை இடைவெளியில் நாலைந்து பேர் அங்கே போய் நின்று மரத்துப்போன கைகளைக் காட்டுவார்கள். மெஷின் சூடாகிறது என்றுதான் நினைத்திருந்தான். மெஷின் இல்லை. மீன். கடலில் வெயில் குடித்த மீனின் சூடு அந்த வலை வழியாக அவன் கைக்கு வந்திருக்கிறது.

அடுத்த எண்ணம் தானாக வந்தது. அது வந்த வேகத்தில் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"மேடம், ஒரு சந்தேகம்."

பக்கத்தில் இருந்த பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, பட்டை போட்டிருக்கீங்க."

அவன் காதில் விழவில்லை. "மீன் உறைஞ்சு மூணு நாள் ஆனாலும் பின்னால சூட்டுக் காத்து நிக்கலையே. மீன்ல இருந்ததுதான் எடுத்தாச்சே. பெறகு தினம் தினம் எங்க இருந்து வருது?"

ஜுலைஹா மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "நீங்க கோல்ட் ஸ்டோரேஜ் பார்த்திருக்கீங்களா?"

"அங்கதான் வேலை."

"அப்ப நீங்களே சொல்லுங்க. உள்ள வேற என்ன இருக்கு?"

"பெட்டி. லைட்டு. நாங்க." சொல்லிவிட்டு நிறுத்தினான். "நாங்களா?"

"உங்க உடம்பு முப்பத்தேழு டிகிரி. நீங்க உள்ள நிக்கிற நேரம் பூரா உங்க சூடு வெளியேறிக்கிட்டே இருக்கு. சுவர் வழியா வெயில் உள்ள கசியுது. எல்லாத்தையும் மெஷின் அள்ளி வெளிய போடுது."

"அப்ப நாங்க எங்க சூட்டுலயேதான் குளிர்காயுதோமா?"

"கொஞ்சம் ஆமா."

வகுப்பு சிரித்தது. கஸ்பாரும் சிரித்தான். "விட்ட சூட்டைத்தானே திருப்பி வாங்குதோம். அப்ப சரிக்குச் சரியாத்தானே இருக்கணும் மேடம்? ஆனா அங்க அதைவிட ஜாஸ்தியா அடிக்குமே."

மேடம் சாக்பீஸை மறுபடி எடுத்தார். பிறகு பலகைக்குத் திரும்பி, அந்த முதல் அம்புக்குப் பக்கத்தில் இன்னொரு அம்பு வரைந்தார். "மோட்டார் செய்யுற வேலை. அதுவும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். உள்ள இருந்து எடுத்ததைவிட வெளிய போடுறது எப்பவும் அதிகம். இதைச் சொல்லத்தான் இந்த மணி நேரமே. நீங்க நின்னுக்கிட்டே சொல்லிட்டீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தான். மீதி நேரம் அவன் ஒரு வண்டியையும் போகவிடவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தான். மணி அடித்தபோது அவனுக்குக் கோபம் வந்தது.

புள்ளி அணைந்தபின் மேடம் அவனிடம் வந்தார். "நீங்க எந்த பேட்ச்?"

"நான் படிக்கல மேடம். இது ஓ.டி. சீட்டு."

"ஓ," என்றார். "இருந்தாலும் திங்கட்கிழமை மூணு மணிக்கு லேபுக்கு வாங்க. பேசணும்." ஆசிரியரும் கலப்பு என்று ஒரு படிவம் எழுத வேண்டும். அப்படி ஒரு படிவம் இருப்பது அவருக்குத் தெரியாது.

ஆறு மணிக்குப் பெயர்ப்பகத்தில் இறக்க வேண்டும். இப்போது பன்னிரண்டு. அந்த ஆறு மணி நேரத்தில் அவன் செய்ய வேண்டியதெல்லாம் தூங்காமல் இருப்பதுதான். தூங்கினால் மணி ஊறிவிடும், பிறகு எந்தப் பெயர்ப்பகத்தாலும் எடுக்க முடியாது. அதனால்தான் இறக்கும்வரை தூங்கமாட்டேன் என்று ஒவ்வொரு பருவமும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள்.

நூலகத்துக்குப் பக்கத்தில், ஏ.சி. காற்று படுகிற இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு. கஸ்பார் அதில் போய் உட்கார்ந்தான். முந்தின நாள் இரவு பத்து மணியிலிருந்து விழித்திருக்கிறான். கண்ணை மூடினால் இரண்டு நிமிடத்தில் தூக்கம் வரும். அரைமணி போதும். எழுந்திருக்கையில் அந்த மணி அவனுடையதாக இருக்கும், சாகும்வரை இருக்கும். உரிமம் போகும். போகட்டும், கிடங்கு இருக்கிறது. செண்பகவல்லிக்கு நாற்பத்துநாலோடு நிற்கும்.

படுத்துவிட்டான். கையைத் தலைக்கு வைத்தான். பிறகு எழுந்து, தண்ணீர்க் குழாயில் முகத்தைக் காட்டிவிட்டு உடற்பயிற்சிக் கூடத்தை நோக்கி நடந்தான். திருடுவதற்குப் பதில் கேட்டே பார்க்கலாம் என்று பட்டது. நல்ல எண்ணம் என்று சொல்ல முடியாது. அவள் முகம் நினைவில் வந்து தூக்கத்தைக் கெடுத்தது, அவ்வளவுதான்.

செண்பகவல்லி கூடத்தின் மூலையில், ரப்பர் விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். மடியில் பொட்டலம், உள்ளங்கையெல்லாம் வெள்ளைப் பொடி. கோவில்பட்டிப் பெண். ஐம்பத்தொன்பது கிலோ பிரிவு.

"வாங்கண்ணே. செலக்ட் ஆயிட்டேன்," என்றாள் வாயில் இட்லியோடு. "உக்காருங்க. ரெண்டு நாளா எடை கொறைக்கன்னு எச்சியத் துப்பிக்கிட்டுக் கெடந்தேன். ஏழாவது இட்லி. எண்ணாதீங்க."

"நான் எண்ணல."

"என்ன மூஞ்சி இப்படி இருக்கு? வகுப்புக்குப் போகலையா?" மெல்லுவதை நிறுத்தினாள்.

"போனேன். கேள்வி கேட்டுட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "நீங்களா? மூணு வருஷத்துல ஒரு தும்மல் கூடப் போட்டது கெடையாது. சரி விடுங்க, கலப்பு. நான் சம்மதம்னு எழுதிக் குடுத்துருதேன். அதுல என்ன இருக்கு?"

"அதான் வந்தேன். தள்ளிருன்னு கேக்க வந்தேன்."

கூடத்தின் மறுகோடியில் யாரோ கம்பியைக் கீழே போட்டார்கள். தரை அதிர்ந்தது. செண்பகவல்லி பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

"அது எனக்கு வேணும்," என்றான் கஸ்பார். "பதினோரு வருஷமா ஒண்ணு கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும் போதும்."

"அப்படி என்னண்ணே நடந்துச்சு?"

"சொன்னா ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"சும்மா சொல்லுங்க."

"வேண்டாம். சொல்லிப் பார்த்து நானே கெடுத்துக்குவேன்."

அவள் உள்ளங்கையிலிருந்த பொடியை விரலால் சுரண்டினாள். "நாற்பத்துநாலு தெரியும்ல?"

"தெரியும்."

"இந்த வருஷம் போச்சுன்னா அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன். எங்க மாஸ்டர் இன்னொருத்தியை ரெடி பண்ணி வச்சிருக்காரு. பதினெட்டு வயசு. என்னைவிட அஞ்சு கிலோ கூடத் தூக்குவா, ரெண்டு வருஷத்துல. இந்த ஒரு போட்டிதான் எனக்கு."

"தெரியும்."

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வந்து கேக்கீங்க."

"ஆமா."

கோபப்படுவாள் என்று கஸ்பார் எதிர்பார்த்தான். கோபப்பட்டால் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியும்ணே," என்றாள். "எங்க அப்பாவைவிட உங்களைத் தெரியும். உங்க மணியெல்லாம் எனக்குள்ளதானே கெடக்கு. செவ்வாக்கெழமைன்னா உங்களுக்குப் பசிக்கும், ஏன்னு தெரியாது. போன வருஷம் ஒரு மாசம் இடது பக்கப் பல்லு. வாத்தியார் திரும்புனா பயப்படுவீங்க, பேரைக் கூப்புட்டுருவாரோன்னு. எந்த வாத்தியாரும் ஓ.டி. சீட்டைக் கூப்பிடமாட்டாருன்னு தெரிஞ்சும் பயப்படுவீங்க."

கஸ்பாருக்குக் காது சூடாகியது. பாடம் மட்டும் போகவில்லை என்பது விதிப்புத்தகத்தில் எழுதியிருப்பதுதான். யாரும் அதைத் திருப்பி அவனிடம் சொன்னதில்லை.

"எல்லாத்துக்கும் மேல அந்தத் தூக்கம்," என்றாள். "உங்க மணி ஏறிச்சுன்னா மறுநாள் காலையில கொட்டாவி நிக்காது. கம்பிக்கு முன்னால நின்னு கொட்டாவி விடுவேன். மாஸ்டர் திட்டுவாரு, ராத்திரி பூரா போன் பாக்கியான்னு. மூணு வருஷமா உங்க தூக்கத்தை நான்தான் தூங்குதேன்."

"எழுதிக் குடுத்திருக்கலாம்ல. வேற ஆளைப் போட்டிருப்பாங்க."

"உங்களை எடுத்துருவாங்க. பெறவு எங்க போவீங்க?" அவள் தோளைக் குலுக்கினாள். "அதோட வேற ஆளுன்னா புதுசா ஒரு தலைவலி. இது பழகின தலைவலி."

பொட்டலத்தை மறுபடி பிரித்து மீதி இட்லியைத் தின்றாள். தின்று முடித்து இலையைச் சுருட்டினாள்.

"ஆறு மணிக்கு வாங்க. தள்ளிருதேன்," என்றாள்.

"செண்பகம்..."

"போங்கண்ணே. பேசினா மனசு மாறிரும். அப்புறம் உங்களுக்குத்தான் நஷ்டம்."

பெயர்ப்பகம் நிர்வாகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. இரண்டு சாய்வு நாற்காலிகள், நடுவில் ஒரு பெட்டி, ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் பொன்னுலிங்கம். பருவத்தின் கடைசி நாள் என்பதால் வெளியே ஹாக்கிப் பையன்கள் வரிசையாக நின்றார்கள்.

"சீக்கிரம். கஸ்பார், உறுதிமொழி," என்று படிவத்தைத் தள்ளினார் பொன்னுலிங்கம். "தூக்கம் இல்ல, மது இல்ல, கலப்பு இல்ல. கையெழுத்து."

"கலப்பு இருக்கு சார்," என்றாள் செண்பகவல்லி. குளித்துவிட்டு வந்திருந்தாள். தலை ஈரம் காயவில்லை. "நான் தள்ளுதேன். அந்த ஃபாரத்தைக் குடுங்க."

பொன்னுலிங்கம் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். "நாற்பத்துநாலும்மா உனக்கு."

"எண்ணத் தெரியும் சார்."

கஸ்பார் பேனாவைக் கையில் வைத்திருந்தான். கூடத்திலிருந்து இங்கே வரும்வரை அவன் நினைத்தது அந்த அம்புக்குறிகளைப் பற்றி அல்ல. இந்தத் தாளில் மட்டும் நாற்பது மணிக்கு மேல் அவளுக்குத் தன் கொட்டாவியை அனுப்பியிருக்கிறான். பசியை, பல்லை, பயத்தை. வேறு எதுவும் அனுப்பினதாக நினைவில்லை. நினைவில் இருக்கவும் முடியாது.

"கலப்பு இல்ல," என்றான். இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டான்.

"பொய் சொல்லுதாரு சார். கேள்வி கேட்டிருக்காரு. வகுப்புல யாரை வேணா கேளுங்க."

"டீச்சர் ஃபாரம் வரல. அமர்ந்தவர் எழுதுனதுதான் செல்லும்," என்றார் பொன்னுலிங்கம். "கலப்பு இல்லைன்னா தள்ள முடியாது. நீ நாற்காலியில உக்காரலைன்னா ஆப்சென்ட், அந்த மணியும் யாருக்கும் இல்லாம அழிச்சிருவோம். அதுதான் ரூல். வெளிய இருபது பேரு நிக்காங்க."

செண்பகவல்லி கஸ்பாரைப் பார்த்தாள். "ஏண்ணே இப்படி?"

"அது நல்ல மணி," என்றான். "உக்காரு. இன்னைக்கு நான் தூங்கி வழியல."

"உங்களுக்கு வேணும்னு கேட்டீங்களே."

"கேட்டேன். இப்பவும் வேணும். உக்காருன்னு சொல்லுதேன்ல."

அவள் உட்கார்ந்தாள். அவன் எதிர் நாற்காலியில் சாய்ந்தான். பொன்னுலிங்கம் இருவர் நெற்றியிலும் பட்டையை இறுக்கினார். பெட்டி முனகியது. வழக்கமாக இந்த நேரத்தில் கஸ்பார் இரவு என்ன சாப்பிடலாம் என்று யோசிப்பான். இன்று அந்த மணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான். வலை, காற்று, இரண்டாவது அம்பு. வலை, காற்று. வலை.

பிறகு விளக்கு தெரிந்தது. காலையில் முகம் கழுவியது நினைவிருந்தது. அதை அடுத்து மேடம் அவன் முன்னால் வந்து நின்று, எந்த பேட்ச் என்று கேட்டது நினைவிருந்தது. நூலகத்துப் பெஞ்சும் இட்லிப் பொட்டலமும் அப்படியே இருந்தன. தனக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, அதற்காக ஒரு பெண்ணின் வருடத்தைக் கேட்கப் போனான் என்பது நன்றாகத் தெரிந்தது. அது என்ன என்று தெரியவில்லை. கேட்டது அசிங்கமாகத்தான் இருந்தது.

செண்பகவல்லி இன்னும் நாற்காலியில்தான் இருந்தாள். கண்ணைத் திறந்து தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. பிறகு அவனைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

"நாற்பத்தைஞ்சு," என்றார் பொன்னுலிங்கம். "அடுத்த ஆள்."

வாசலில் அவள் அவன் கையைப் பிடித்தாள். மூன்று வருடத்தில் தொட்டதில்லை. "அண்ணே, உங்களுக்கு இப்படியெல்லாம் கூட இருக்கத் தெரியுமா?"

"எப்படி?"

சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. "நான் மெதுவா சொல்லுதேன். எனக்கே இன்னும் அடங்கல."

"போட்டி முடியட்டும்," என்றான். கிடங்குக்குப் போகுமுன் மூன்று மணி நேரம் தூங்க வேண்டியிருந்தது. போய்விட்டான்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனான். வரச் சொன்னது நினைவிருந்தது, எதற்கென்று தெரியவில்லை. ஏதோ புகார் என்றுதான் நினைத்தான். ஜுலைஹா மேடம் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்திருந்தார்.

"மறுசேர்க்கை ஃபாரம்," என்றார். "நீங்க இங்கதான் படிச்சீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. உங்க பழைய ரெக்கார்டைத் தேடி எடுத்தேன். ரெண்டாம் வருஷத்துல இருந்து தொடரலாம். சாயங்கால வகுப்பு இருக்கு. நீங்க கேட்ட கேள்வியை நான் சனிக்கிழமை எம்.எஸ்சி. பசங்ககிட்ட கேட்டேன். ஒருத்தனும் உங்க அளவுக்குப் போகல. ரெண்டாவது அம்பை நீங்களே கண்டுபிடிச்சீங்க. இப்ப சொல்லுங்க, கதவைத் திறந்து போட்டு அந்த ரூமுக்குள்ளயே ஃபிரிட்ஜை ஓட்டினா ரூம் குளிருமா, சுடுமா?"

ஆவலோடு அவன் முகத்தைப் பார்த்தார். பதில் அங்கே வரும் என்று காத்திருந்தார். கஸ்பார் ஃபாரத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"மேடம், அந்த மணியை வெள்ளிக்கிழமையே இறக்கியாச்சு."

"இறக்கியாச்சுன்னா?"

"என்கிட்ட இல்ல. செண்பகவல்லிகிட்ட இருக்கு."

அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. தெரியாத விஷயம் இல்லை. நான்கு மாதமாக அந்த இருக்கையில் பட்டை கட்டிய ஒருவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அதைப் பற்றி யோசித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார் என்று கஸ்பார் நினைத்தான். அதுதான் சரி என்றும் பட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டவன் வேறு ஆள்.

மேடம் எழுந்து பலகைக்குப் போனார். ஒரு பெட்டி வரைந்தார்.

"உக்காருங்க," என்றார்.

"பட்டை கொண்டுவரல மேடம்."

"யாருக்காகவும் இல்ல. உக்காருங்க."

அவர் முதலிலிருந்து சொன்னார். குளிர் என்று ஒன்று இல்லை என்றார். அம்பு வரைந்தார், கிடங்கைச் சொன்னார், விசிறியைச் சொன்னார், அவன் எங்கே எழுந்து நின்றான் என்பதைக்கூடச் சொன்னார். கஸ்பார் முன்வரிசையில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டான். வார்த்தைகள் வந்தன, போயின. கண் சொக்கியது. கையைக் கிள்ளிக்கொண்டான். நாற்பது நிமிடத்தில் பலகை நிறைந்துவிட்டது.

"புரிஞ்சுதா?" என்று கேட்டார்.

பதினோரு வருடமாக எவ்வளவோ வகுப்புகளில் இந்தக் கேள்வி அவன் தலைக்கு மேலே போயிருக்கும். இப்போது அறையில் வேறு யாரும் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். கிடங்குக்கு முன் நாலைந்து மணி நேரம் தூங்கலாம்.

"இல்ல மேடம்," என்றான்.

ஜுலைஹா மேடம் பலகையைத் துடைத்துவிட்டு மறுபடி பெட்டியை வரைய ஆரம்பித்தார்.